முதல் வரைபலகை: திரை இல்லாததா, திரை உள்ளதா, டேப்பா?

என் அக்கா மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள். பள்ளிக் காலம் முழுவதும் பென்சிலும் கோடில்லா நோட்டுமாக இருந்தவளுக்கு, படிப்புக்காக வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி கைக்கு வந்ததும், கணினியிலேயே வரையக் கற்க வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது. "சித்தி, ஸ்கிரீன் இருக்கிறது வாங்கட்டுமா, இல்லாதது வாங்கட்டுமா, இல்ல ஒரு டேப்பே வாங்கிடலாமா?" என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது அவசரமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சிறுவர் கதைகளுக்குப் படம் வரைவதையே வேலையாகக் கொண்டவள் என்ற முறையில், அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. இதே கேள்வியோடு கடையின் முன்னும் இணையத்தின் முன்னும் நிற்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து, முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, மேசையில் வைத்துப் பேனாவால் வரையும் வெறும் பலகை. நீங்கள் வரைவது பலகையில் தெரியாது, கணினித் திரையில்தான் தெரியும். இரண்டாவது, பலகையே திரையாக இருப்பது. ஆனால் அதுவும் கணினியோடு இணைத்தால்தான் வேலை செய்யும். மூன்றாவது, ஐபேட், கேலக்ஸி டேப் போன்ற, கணினியே தேவைப்படாத டேப்கள். கற்கத் தொடங்குபவரிடம் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்த மூன்றில் எதன் பக்கம் போவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. விலையும் வசதியும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

முதல் வகையை மலிவானது என்பதற்காகத் தாழ்வாக நினைப்பவர்கள் பலர் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜப்பானில் 1983இல் தொடங்கப்பட்ட வேக்கம் நிறுவனம் பரவலாக்கிய மின்காந்த ஒத்ததிர்வு முறையில்தான் இன்றும் பெரும்பாலான பலகைகள் இயங்குகின்றன. பலகைக்கு உள்ளே பின்னப்பட்டிருக்கும் கம்பி வலை ஒரு மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கி அதிர்ந்து திருப்பி அனுப்ப, திரும்பி வந்த அலையிலிருந்து பேனா எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதைப் பலகை கணக்கிட்டுக்கொள்கிறது. பேனாவுக்கு மின்கலமோ மின்னேற்றமோ தேவையில்லை என்பது இதனால் கிடைக்கும் பெரிய நன்மை. பேனா பலகையைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்போதே திரையில் அம்புக்குறி நகரும். தொட்டால் கோடு விழும். மவுஸைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் அம்புக்குறி பழைய இடத்திலேயே நிற்கும் அல்லவா, பலகையில் அப்படி இல்லை. பலகையின் இடது மேல் மூலை எப்போதும் திரையின் இடது மேல் மூலைதான். இந்த நிலையான பொருத்தம் இருப்பதால்தான் கையைப் பார்க்காமலே வரைவது பழக்கத்தில் கைகூடுகிறது.

கைகூடும் என்று சொல்வது எளிது. முதல் நாட்கள் கடினமானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் தொடங்கியது 152 மில்லிமீட்டர் அகலமும் 95 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட மிகச் சிறிய பலகையில். முதல் வாரம் ஒரு வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்கவே இல்லை. இரண்டாம் வாரத்தில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: பலகையை மேசையில் சற்றே சாய்த்து வைத்திருந்ததால், நேர்க்கோடு என்று நான் இழுத்ததெல்லாம் அதே சாய்வோடு திரையில் விழுந்துகொண்டிருந்தது. பலகையை நேராக்கி, திரைக்கு முன்னால், என் உடம்பின் நடுக்கோட்டுக்கு வைத்த பிறகு பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதியைத் தீர்த்தது ஒரு பழைய பழக்கம். மார்கழியில் வாசலில் புள்ளி வைப்பது போலத் திரையில் புள்ளிகளைப் பரப்பி, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குக் கோட்டை ஒரே இழுப்பில் கொண்டுபோவதை நாள்தோறும் பதினைந்து நிமிடம் செய்தேன். ஒரு மாதத்தில் கையைத் தேடுவது நின்றுவிட்டது. தட்டச்சு பழகிய எவருக்கும் இது புதிய அனுபவம் அல்ல. விசைகளைப் பார்க்காமல் அடிக்கும் விரல்களுக்கு, பலகையைப் பார்க்காமல் வரைவதும் வரும்.

எனக்குப் பழக முடியாமல் போனது பலகையின் அளவுதான். 15.6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 345 மில்லிமீட்டர். 152 மில்லிமீட்டர் பலகை அதை முழுவதும் ஆள வேண்டுமானால், கை ஒரு சென்டிமீட்டர் நகரும்போது திரையில் கோடு ஏறக்குறைய 2.3 சென்டிமீட்டர் ஓடும். கோடு மட்டுமல்ல, கையின் சிறு நடுக்கமும் அதே அளவு பெருகும். 216க்கு 135 மில்லிமீட்டர் என்ற நடுத்தர அளவில் இந்தப் பெருக்கம் 1.6 ஆகக் குறைகிறது. ஹுய்யான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்கள் பரவலாக விற்கும் 10 அங்குலத்துக்கு 6.25 அங்குலப் பலகையில் 1.4க்கும் கீழே வந்துவிடுகிறது. சிறு பலகை மணிக்கட்டை மட்டுமே அசைய விடும். நடுத்தரப் பலகையில் முழங்கையும் சேர்ந்து அசையும், நீண்ட வளைவுகளுக்கு உயிர் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே திரையில்லாப் பலகை என்று முடிவு செய்தவர்கள், எந்த நிறுவனம் என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது எந்த அளவு என்று யோசிப்பதில் செலவிட வேண்டும். இரண்டு திரைகளை இணைத்து வேலை செய்பவர்கள், பலகையை ஒரு திரைக்கு மட்டும் பொருத்திக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் பெருக்கம் இரட்டிப்பாகும்.

இதோடு தொடர்புடைய ஒரு நுணுக்கம் பலரைத் தேவையில்லாமல் மனம் சோர வைக்கிறது. பலகைகள் பலவும் அகலத்துக்கு உயரம் 16:10 என்ற விகிதத்தில் செய்யப்படுகின்றன. 15.6 அங்குல மடிக்கணினித் திரைகள் பெரும்பாலும் 16:9. பலகை முழுவதையும் திரை முழுவதற்கும் பொருத்தினால், கை வட்டமாகச் சுற்றினாலும் திரையில் அது அகலவாக்கில் 11 சதவீதம் நீண்ட முட்டை வடிவமாகத்தான் விழும். தனக்கு வட்டமே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பயிற்சி செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பலகையின் அமைப்புப் பக்கத்தில் விகிதத்தைக் காக்கும்படி ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் பலகையின் அடியில் ஓர் ஓரம் பயனற்றுப் போகும், ஆனால் வட்டம் வட்டமாகிவிடும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை, அதாவது கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2048, 4096, 8192, இப்போது 16384 என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. 2048 நிலைப் பேனாவிலும் 8192 நிலைப் பேனாவிலும் மாறி மாறி வரைந்த எனக்குக் கோட்டில் வேறுபாடு தெரியவில்லை. தெரிந்த வேறுபாடு வேறு: பேனா எவ்வளவு மெல்லிய தொடுகையில் கோட்டைத் தொடங்குகிறது என்பது. இமை முடியையோ பூனையின் மீசையையோ வரையும்போது, தொட்டும் தொடாமலும் கோடு பிறக்க வேண்டும். சில பேனாக்கள் சற்று அழுத்தினால்தான் கண் விழிக்கின்றன. பெட்டியில் இது எழுதப்பட்டிருக்காது. கடையில் வரைந்து பார்க்க முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் அந்தக் குறிப்பிட்ட மாதிரியில் மெல்லிய கோடுகள் வரையும் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். அழுத்தமே அறியாத கருவியிலும் பெரிய படைப்புகள் பிறந்திருக்கின்றன என்பதையும் நினைவில் வைக்கலாம். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 2011இல் யார்க்‌ஷயரின் வசந்தத்தை ஐபேடில் வரைந்தபோது, ஐபேடுக்கென அழுத்தம் அறியும் ஆப்பிள் பென்சில் வருவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்தப் படங்கள் பெரிதாக அச்சிடப்பட்டு 2012இல் லண்டன் ராயல் அகாதமியின் சுவர்களில் தொங்கின.

இனி, திரையுள்ள பலகை. கோடு பேனாவின் முனையிலேயே பிறக்கிறது என்ற ஒன்றுக்காக இதை விரும்பாதவர் இல்லை. பென்சிலில் பழகிய கைக்கு இது உடனே வசப்படும். முக்கியமாக, ஏற்கெனவே வரைந்த கரட்டு வரைவின் மேல் மையிடும் வேலையில், சரியான இடத்தில் முனையை வைக்கும் வேகம் கண்கூடாகக் கூடுகிறது. வண்ணத்திலும் ஒரு நன்மை உண்டு. விலை குறைந்த மடிக்கணினித் திரைகள் பல, திரைகளுக்குப் பொது அளவுகோலாகக் கொள்ளப்படும் எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டுவதில்லை. அவற்றில் பார்த்து வண்ணம் இட்ட படம் வேறொரு நல்ல திரையில் கண்ணைக் கூசும் அளவுக்கு அடர்ந்து தெரியும். திரைப்பலகைகள் பலவும் அந்த எல்லையை ஏறக்குறைய முழுமையாகவே காட்டுகின்றன. அச்சுக்குப் படம் தருபவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் கற்கத் தொடங்குபவர் அதற்குக் கொடுக்கும் விலை பணத்தோடு நிற்பதில்லை. பேனா முனைக்கும் கோட்டுக்கும் நடுவே கண்ணாடியின் தடிமன் இருக்கிறது; கண்ணாடியும் திரையும் இடைவெளியின்றி ஒட்டப்படாத பழைய மலிவு மாதிரிகளில், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முனையும் கோடும் விலகித் தெரியும். இணைப்பும் எளிதல்ல. ஒரு காட்சிக் கம்பி, ஒரு யுஎஸ்பி கம்பி, பல நேரங்களில் தனி மின்னிணைப்பு என்று மூன்று கிளைகள் கொண்ட வடத்தைப் பொருத்த வேண்டும். ஒற்றை யுஎஸ்பி-சி கம்பியில் வேலை முடியும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், உங்கள் மடிக்கணினியின் யுஎஸ்பி-சி வாயில் காட்சியை அனுப்பக்கூடியதா என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வாயில் கோப்புகளை அனுப்ப மட்டுமே பயன்படும். கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நீண்ட வேலைக்காகத் தோழியிடம் வாங்கிவந்த திரைப்பலகையில் இரண்டு மாதம் வரைந்தேன். வேலை அழகாக முடிந்தது. கழுத்து வலி மட்டும் அதற்குப் பிறகும் சில வாரங்கள் நீடித்தது. மேசையில் ஏறக்குறையப் படுத்தவாக்கில் இருக்கும் திரையை மணிக்கணக்கில் குனிந்து பார்த்ததுதான் காரணம். செங்குத்தாக நிறுத்தும் உறுதியான தாங்கி ஒன்றை வாங்கிய பிறகே அது சரியானது. அந்தத் தாங்கியின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரையில்லாப் பலகையில் கண் நேராகத் திரையைப் பார்க்கிறது, கை கீழே தன் வேலையைச் செய்கிறது. உடம்பைப் பொறுத்தவரை அதுவே நல்ல அமர்வு.

மூன்றாவதாக, டேப். பேருந்திலும் மொட்டை மாடியிலும் கோயில் மண்டபத்துத் தூணடியிலும் அமர்ந்து எதிரில் உள்ளதை வரைய விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கணினியே இல்லாத வீட்டில் இது வரைபலகையாகவும் படிக்கும் கருவியாகவும் ஒருசேர இருக்கும் என்பதால், விலை அதிகமானாலும் அந்தச் செலவுக்கு நியாயம் இருக்கிறது. ஐபேடில் மட்டுமே கிடைக்கும் புரொகிரியேட் செயலி, டாஸ்மேனியாவில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் படைப்பு. ஒருமுறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. கற்பதற்கு அதைவிட எளிய செயலியை நான் பார்த்ததில்லை.

டேப்பை வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் பேனாவில் இருக்கிறது. ஆப்பிள் பென்சில் என்ற ஒரே பெயரில் பல கருவிகள் விற்கப்படுகின்றன. 2015இல் வந்த முதல் தலைமுறைப் பென்சில் அழுத்தத்தை உணரும். 2023இல் வந்த, விலை குறைந்த யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்தை உணராது. சாய்வை அது உணரும், எழுதக் குறிப்பெடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும் கோட்டை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. சாதாரண ஐபேடுக்கு வரைவதற்காகப் பென்சில் வாங்குபவர்கள், விலையைப் பார்த்துப் புதியதை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துகிறார்கள். அவர்களுக்குத் தேவை முதல் தலைமுறைப் பென்சில். யுஎஸ்பி-சி வாயில் உள்ள ஐபேடில் அதை இணைத்து மின்னேற்ற ஒரு சிறு இணைப்பியும் வேண்டும். சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் இந்தக் குழப்பம் இல்லை. எஸ் பென் என்ற அதன் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. வேக்கத்தின் அதே மின்காந்த முறையில் இயங்குவதால் வரைவதற்கு மின்னேற்றம் தேவையில்லை. 2020இல் வெளிவந்த எஸ்6 லைட்டும் அதன் பின்வந்த பதிப்புகளும் ஐபேடைவிடக் குறைந்த செலவில் இந்த வசதியைத் தந்தன. அதே நிறுவனத்தின் விலை குறைந்த டேப்கள் பலவற்றில் இது இல்லை. அவற்றுக்கென்று இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் ரப்பர் முனைப் பேனாக்கள் விரலின் வேலையைத்தான் செய்யும். அழுத்தமும் அறியா, உள்ளங்கை படுவதையும் பிரித்தறியா. அவற்றை வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளை வரையச் சொல்ல வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடியின் வழுக்கல் டேப்பின் இன்னொரு குறை. காகிதத்தின் சொரசொரப்பில் பழகிய கைக்கு, பேனா ஓடும் வேகம் கட்டுப்படாது. தாள் போன்ற ஒட்டுப்படலம் ஒட்டினால் பிடிப்பு வரும், ஆனால் பேனா முனை விரைவில் தேயும், திரையின் தெளிவும் சற்று மங்கும். திரையில்லாப் பலகைகளின் மேற்பரப்பு இந்தச் சொரசொரப்போடுதான் வருகிறது. அங்கும் முனை தேயும், மாற்று முனைகள் பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். இன்னொன்று, டேப்புக்குள் மின்கலம் இருக்கிறது, அதற்கு ஆயுள் உண்டு. இயங்குதளத்துக்குப் புதுப்பிப்புகள் நிற்கும் நாளும் உண்டு. மின்கலமோ திரையோ இல்லாத வெறும் பலகையில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. என் நடுத்தரப் பலகை மூன்று கணினிகளைக் கடந்துவிட்டது.

மென்பொருள் விஷயத்தில் கணினி வைத்திருப்பவர் எதற்கும் ஏங்க வேண்டியதில்லை. கிரிதா முழுமையான ஓவிய மென்பொருள், கட்டற்றது, விலையற்றது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும், ஆண்ட்ராய்டு டேப்களுக்கும் கிடைக்கிறது, ஐபேடுக்கு மட்டும் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த டேவிட் ரெவ்வா 2014 முதல் வெளியிட்டுவரும் பெப்பர் அண்ட் கேரட் என்ற இணையப் படக்கதை கிரிதாவில்தான் வரையப்படுகிறது. அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்கள் பணம் கட்டிய மென்பொருள் இல்லாததைக் காரணமாகச் சொல்ல மாட்டார்கள். கிரிதாவில் கோட்டின் நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியும் உண்டு. சிறு பலகையில் தொடங்குபவர்கள் அதைக் குறைந்த அளவில் வைத்துப் பழகலாம். அதிகமாக வைத்தால் கோடு கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும், கையின் இயல்பும் கோட்டில் தங்காது.

விலையைப் பார்ப்போம். நான் இதை எழுதும்போது நம் ஊரில் திரையில்லாப் பலகைகள் ஏறக்குறைய 3,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. தொடக்கநிலைத் திரைப்பலகைக்கு 20,000 ரூபாயை ஒட்டி ஆகும். சாதாரண ஐபேடும் அழுத்தம் அறியும் பென்சிலும் சேர்ந்தால் 40,000 ரூபாயைத் தாண்டும். சலுகை நாட்களில் இவை ஏறி இறங்கும் என்றாலும் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி பெரிதாக மாறுவதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கணினி உள்ள, இப்போதுதான் தொடங்குகிற ஒருவருக்கு நடுத்தர அளவுள்ள திரையில்லாப் பலகையையே நான் உறுதியாகச் சொல்வேன். திரை தரும் வசதி, கையையும் கண்ணையும் தனித்தனியே வேலை செய்யப் பழக்கும் ஒரு மாத உழைப்பை மட்டுமே மிச்சப்படுத்துகிறது. உருவத்தின் அளவைக் கணிப்பது, நிழல் விழும் திசையை அறிவது, ஒரு சேலை மடிப்பு ஏன் அப்படி விழுகிறது என்று புரிந்துகொள்வது போன்ற, ஆண்டுகள் பிடிக்கும் பாடங்களை எந்தத் திரையும் சுருக்கித் தராது. மிச்சமாகும் பணத்தில் நல்ல காகிதமும் பென்சிலும் வாங்கிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வரைவதையே தொழிலாக்கி, நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் மையிடும் வேலை வந்த பிறகு திரைப்பலகைக்கு மாறுவதில் பொருள் இருக்கிறது. அப்போது எந்த அளவு, எந்தத் தாங்கி என்பதும் அவருக்கே தெரிந்திருக்கும். கணினி இல்லாதவர்கள், வெளியிடங்களில் வரைவதையே முதன்மையாக விரும்புபவர்கள், மேசை போட இடமில்லாத விடுதி அறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எஸ் பென் உள்ள டேப் சரியான தேர்வு. கைப்பேசி மட்டும் உள்ளவர்களுக்கும் ஒரு வழி உண்டு: ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு, யுஎஸ்பி கருவிகளைக் கைப்பேசியில் பொருத்த உதவும் ஓடிஜி என்ற சிறு இணைப்பி மூலம் சேரும் திரையில்லாப் பலகைகள் கிடைக்கின்றன. ஆனால் கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது பலகையின் ஒரு சிறு பகுதி மட்டுமே பயன்படும் என்பதால், அதைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

பழைய பலகையை வாங்குவதில் தயக்கம் வேண்டாம். பேனா அதே மாதிரிக்கு உரியதா, முனை கிடைக்கிறதா, பலகையைக் கணினி புரிந்துகொள்ள வைக்கும் இயக்கி மென்பொருள் உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு இன்னும் வெளிவருகிறதா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் இயக்கியை நிறுவும் முன் மற்ற நிறுவனத்தின் பழைய இயக்கியை நீக்கிவிட வேண்டும். அழுத்தம் திடீரென வேலை செய்யாமல் போவதற்கு அடிக்கடி காரணம் இந்த இரண்டின் மோதல்தான். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இயக்கியின் அமைப்பில் பலகையைத் திருப்பிக்கொண்டால் பொத்தான்கள் வலப்பக்கம் போய்விடும்.

அக்கா மகள் 10 அங்குலத்துக்கு 6.25 அங்குலத் திரையில்லாப் பலகையை வாங்கினாள். மூன்றாம் வாரம் கிரிதாவில் வரைந்த படம் ஒன்றை அனுப்பினாள்: அவர்கள் வீட்டு அரிவாள்மணையும் அதன் பக்கத்தில் பாதி நறுக்கிய முருங்கைக்காயும். காயின் கணுக்களை நன்றாகக் கவனித்திருந்தாள். ஆனால் தரைக்கோடு முழுவதும் வலப்பக்கம் மேலேறியிருந்தது. பலகையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மேசை குறுகலாக இருப்பதால் மடிக்கணினிக்கு வலப்பக்கத்தில், சற்றுச் சாய்த்து வைத்திருக்கிறாளாம். மடிக்கணினியை இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, பலகையை அதன் முன்னால், விசைப்பலகையின் மேலேயே படியும்படி நேராக வைக்கச் சொன்னேன். நேற்று வந்த படத்தில் தரை நேராக இருக்கிறது.